மெல்லி மிச்சம் வச்ச தீனி

அந்த நீலக் குல்லா போட்டுக்கிட்டு, டிரைவருக்குப் பின்னாடி கம்பியில நெத்தியை முட்டுக் குடுத்து உக்காந்திருக்காரே, அவருதானுங்க எங்க ஊட்டுக்காரரு. தூங்கறாருன்னு நெனைச்சுக்காதீங்க. தூங்கற மாதிரிதான் இருக்கும். மூணு மாசமா இப்படித்தான்.

சீக்கெல்லாம் ஒண்ணுமில்லைங்க்கா. அவரு பார்த்துக்கிட்டிருந்த குதிரை செத்துப் போச்சு. அதுக்குத்தான் இந்தக் கோலம். சிரிப்பு வந்தாச் சிரிச்சுக்குங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். எங்க அண்ணி மூஞ்சிக்கு நேராவே சிரிச்சா. "பொண்டாட்டி செத்தாலே ஆம்பளைங்க மூணாம் மாசம் பொண்ணு பார்க்கக் கெளம்பிடறாங்க, உங்க ஊட்டுக்காரரு என்னங்க இப்படி"ன்னா.

நீங்க அன்னூர்லதானே எறங்கறீங்க? அப்ப நேரம் இருக்குது. சொல்றேன் கேளுங்க. எனக்கும் யாருகிட்டயாவது சொன்னாத் தேவலைன்னு இருக்குது.

ஒண்ணை மட்டும் மொதல்லயே சொல்லிடறேன். எனக்கு அந்தக் குதிரை மேல பொறாமைன்னு எஸ்டேட்ல பேசிக்கிட்டாளுங்க. லைன் வீட்டுக்காரிகளுக்கு வேற என்ன வேலை. நாலு காலு பிராணி மேல, நின்ன எடத்துல லத்தி போடற பிராணி மேல, ஒரு பொம்பளை பொறாமைப்படுவாளா? எனக்கென்ன பைத்தியமா? நீங்களே சொல்லுங்க.

எனக்குச் சொந்த ஊரு சிறுமுகை. பதினோரு வருஷத்துக்கு முன்னால குன்னூருக்கு மேல, மேல்கூடல் எஸ்டேட்டுக்கு வாக்கப்பட்டுப் போனேன். இவரு பேரு குப்புராஜு. அங்க முதலாளி லாயத்துல குதிரைக்காரரு. அப்ப லாயத்துல மூணு குதிரை. மூணும் கெழடு. அதுகளைத் தேச்சு, தீனி வச்சுட்டு, பத்து மணிக்கு ஊட்டுக்கு வந்துருவாரு. ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். நல்லாத்தான் இருந்தோமுங்க.

அஞ்சு வருஷம் முன்னாடி முதலாளி ஊட்டிக்குப் போயி, ரேஸ்ல ஓடிக்கிட்டிருந்த ஒரு பொட்டைக் குதிரையை வாங்கிட்டு வந்தாரு. செவலை. நெத்தியில வெள்ளைச் சுட்டி. இடது முன்னங்கால்ல நரம்பு பிசகி, இனி ரேஸுக்கு ஆகாதுன்னு வித்துட்டாங்க. மூன்லைட் மெலடின்னு பேரு. லாரியில இருந்து எறங்கறப்பவே ஒரு மாதிரி ஒயிலா எறங்கினா. நான் கொடியில துணி போட்டுக்கிட்டே பார்த்தேன். இவரு கயித்தைப் புடிச்சாரு. அவ இவரு தோள்ல மூஞ்சியை வச்சா. அவ்வளவுதானுங்க்கா. என் குடித்தனம் அன்னைக்கே போச்சு.

ஒரே வாரத்துல மூன்லைட் மெலடி 'மெல்லி' ஆயிருச்சு. மெல்லி, மெல்லிக்குட்டி, மெல்லிம்மா. என் பேரு வசந்தாமணி. பதினோரு வருஷத்துல ஒரு நாளு வசந்தான்னு கூப்பிட்டிருப்பாரா? 'இந்தா'. அதுதான் என் பேரு. 'இந்தா, தீனி வெந்துச்சா', 'இந்தா, வெந்நி வச்சியா'. வெந்நியும் எனக்கில்ல, அவ காலைக் கழுவத்தான்.

காலைல நாலு மணிக்கு எந்திரிச்சா மொதல்ல லாயம். பல்லு வெளக்கறதெல்லாம் அப்பறந்தான். உள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு கையையும் கக்கத்துல வச்சுச் சூடு பண்ணிக்குவாரு. சில்லுன்னு கையை வச்சா அவளுக்குத் திடுக்குங்குமாம். ஏனுங்க்கா, மலைக்குளிர்ல பச்சைத் தண்ணியில பாத்திரம் வெளக்கிட்டு வெரலெல்லாம் வெடவெடங்க நிக்கறேன் நான், என் கையை ஒரு நாளு புடிச்சுப் பார்த்தாரா? அப்பறம் பொறங்கையை வச்சு அவ காலை முட்டியில இருந்து குளம்பு வரைக்கும் மெதுவா தடவிக்கிட்டே வருவாரு. எங்கயாவது கதகதன்னு இருந்தா உள்ள நரம்புல கோளாறுன்னு அர்த்தம். டாக்டருக்குத் தெரியறதுக்கு முன்னாடி இவரு கைக்குத் தெரிஞ்சுரும். அக்கம் பக்கத்து எஸ்டேட்டுக்காரங்க எல்லாம் ஜீப்பு அனுப்பிக் கூட்டிட்டுப் போவாங்க, குப்புராஜு ஒரு வாட்டி தொட்டுப் பார்க்கட்டும்னு. அப்படிப்பட்ட கை.

தீனி வேக வைக்கறது என் வேலை. கொள்ளும் பார்லியும் வேக வச்சு, தவிடு கலந்து, கேரட்டை நீள நீளமா நறுக்கிப் போடோணும். வட்டமா நறுக்கக் கூடாது. வட்டமா இருந்தா தொண்டையில அடைச்சுக்குமாம். ஒரு வாட்டி மறந்து வட்டமா நறுக்கிட்டேன். ஒரு பேச்சுப் பேசினாரு பாருங்க! எனக்கு ஒரு நாளு மீன் முள்ளு சிக்கி நான் கண்ணு முழி பிதுங்கி நிக்கறேன், "வெறுஞ் சோத்தை உருட்டி முழுங்கு"ன்னுட்டு லாந்தரை எடுத்துக்கிட்டு லாயத்துக்குப் போயிட்டாரு. இதையெல்லாம் நான் மனசுல வச்சுக்கிட்டதே இல்ல. நீங்க கேட்டதனால சொல்றேன்.

மூணு வருஷத்துக்கு முன்னால எனக்கு நாலாம் மாசம் கலைஞ்சு போச்சுங்க்கா. குன்னூரு ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கறேன். வந்தாரு. வரலைன்னு சொல்ல மாட்டேன். தலைமாட்டுல உக்காந்தாரு. மேலெல்லாம் குதிரைத் தைல வாசம். எதுவும் பேசலை. சித்த நேரத்துக்கு ஒருக்கா செவுத்துக் கடிகாரத்தைப் பார்த்தாரு. அப்ப மெல்லிக்குக் காலு வீங்கியிருந்துச்சு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பச்சைத் தண்ணி அடிக்கோணும். எனக்கு அது தெரியும். அவரு கடிகாரத்தைப் பார்க்கறதும் எதுக்குன்னு தெரியும். "போங்க, போயி உங்க வேலையைப் பாருங்க"ன்னேன். நெசமாவே போயிட்டாருங்க்கா. ஒரு பேச்சுக்கு இருக்கேன்னு சொல்லோணுமில்ல? போயிட்டாரு.

சரி. அழுகறதுக்கு இப்ப நேரமில்ல.

அவ காலு தேறிருச்சு. இவரு கைவைத்தியத்துலதான் தேறுச்சு. தேறாமயே இருந்திருந்தா இன்னைக்கு உசுரோட இருந்திருப்பா. அந்தச் சமயம் பார்த்து முதலாளியோட மகன் படிப்பை முடிச்சுட்டு சீமையில இருந்து வந்தாரு. நாலஞ்சு எஸ்டேட்டுச் சின்ன முதலாளிங்க ஒண்ணு சேர்ந்துக்கிட்டு, அங்க பார்த்த மாதிரியே இங்கயும் ஒரு பந்தயம் ஆரம்பிச்சாங்க. வெறுமனே ஓடறதில்ல, தாண்டற பந்தயம். எஸ்டேட்டுக்குக் கீழ புல்லு மேட்டுல செடி வேலி, மரக்கட்டை, தண்ணிப் பள்ளம்னு பதினோரு எடத்துல தடை. ஏழாவது கல்லுக் கட்டு. அதுதான் பெருசு. வருஷத்துக்கு ஒரு நாளு, மே மாசத்துல. ஜனங்க வேடிக்கை பார்க்க வந்து குமிஞ்சுரும்.

இவருக்கு மொதல்ல இருந்தே புடிக்கலை. "ஓடற காலு வேற, தாண்டி எறங்கற காலு வேற. எறங்கறப்ப ஆளோட கனமும் குதிரையோட கனமும் ஒத்தை முன்னங்கால்ல வந்து விழும். அவளுக்குப் பழுதான காலு அது"ன்னு பொலம்புவாரு. என்கிட்ட இல்ல, லாயத்துச் செவுத்துக்கிட்ட.

போன வருஷப் பந்தயத்துல பக்கத்து எஸ்டேட்டுக் குதிரை ஒண்ணு அந்தக் கல்லுக் கட்டுல மாட்டிக் கழுத்து முறிஞ்சு செத்துச்சு. பேப்பர்க்காரங்க வந்துட்டாங்க. இவரு சின்ன முதலாளிகிட்டப் போயி, கட்டோட ஒசரத்தை ஒரு அடியாச்சும் கொறைங்க, எறங்கற எடத்துல மண்ணை இளக்கிப் போடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. ஒசரத்தைக் கொறைக்கலை. ஆனா ஒரு சட்டம் போட்டாங்க. பந்தயத்தன்னைக்குக் காலைல டாக்டரு ஒவ்வொரு குதிரைக்காரரையும் தனித்தனியா நிறுத்தி மூணு கேள்வி கேப்பாரு. தீனி எடுத்துச்சா? லத்தி போட்டுச்சா? காலு சுத்தமா? மூணுல ஒண்ணுக்கு இல்லைன்னு குதிரைக்காரரு சொன்னாப் போதும், அந்தக் குதிரை ஓடக் கூடாது. முதலாளியே தலைகீழா நின்னாலும் ஓடக் கூடாது. 'குதிரைக்காரன் சொல்லு'ன்னே அதுக்குப் பேரு வச்சுட்டாங்க.

இந்த வருஷம் மெல்லி பேரைக் குடுத்துட்டாங்க. இவரு ஒண்ணும் எதுத்துப் பேசலை. என்கிட்ட வந்து, அதிசயமா என்கிட்ட வந்து, "இந்தா, அன்னைக்குக் காலைல அவ தீனியில ஒரு கை மிச்சம் வச்சிருந்தாலும் போதும், நிறுத்திப்புடுவேன். குதிரைக்கு வலி இருந்தா மொதல்ல தீனியிலதான் காட்டும். நீ கண்ணுல வெளக்கெண்ணெ ஊத்திக்கிட்டுப் பாரு"ன்னாரு.

பார்த்தேனுங்க்கா. பார்க்காம என்ன.

இப்ப இன்னொண்ணு சொல்லோணும். பந்தயம் ஞாயித்துக்கெழமை. மக்கா நாளு, திங்கக்கெழமை, சிறுமுகையில எங்க அண்ணன் மகளுக்குச் சீரு. பெரிய மனுஷி ஆயிருக்கறா. நான் அத்தை. நானும் இவரும் ஜோடியா நின்னு தட்டு வைக்கோணும். இதுக்கு முன்னாடி எங்க குடும்பத்துல மூணு விசேஷம். ஒண்ணுக்கும் இவரு வரலை. எங்கம்மா கருமாதிக்கு மட்டும் வந்தாரு, அதுலயும் மெல்லிக்கு வயித்து வலின்னு போன் வந்து பாதிப் பந்தியில எந்திரிச்சுப் போயிட்டாரு. சொந்தக்காரங்க என்னை ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. புருஷன் இருந்தும் ஒத்தையில வந்து நிக்கறவள்னு. இந்த வாட்டி சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தாரு. "பந்தயம் முடிஞ்ச ஒடனே கெளம்பறோம். ரெண்டு நாளு இருந்துட்டு வருவோம்." நான் பட்டுச் சேலையை எடுத்து வெயில்ல போட்டு, பையைக் கட்டி வாசப்படியில வச்சுட்டேன்.

பந்தயத்தன்னைக்கு விடிகாலை மூணு மணிக்கே இவரு கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கிட்டு மேட்டுக்குப் போயிட்டாரு. பத்து நாளா மழை இல்ல, கல்லுக் கட்டுக்கு அந்தப் பக்கம் தரை காஞ்சு கெடந்துச்சு. அதைக் கொத்தி, மரத்தூளு போட்டு மெத்துன்னு பண்ணோணும்னு போனாரு. ஒத்தை ஆளா. எனக்கு ஒரு பரண் கட்டித் தாங்கன்னு ரெண்டு வருஷமா கேக்கறேன்.

நான் தீனியை வேக வச்சு, நாலரைக்குத் தொட்டியில கொட்டிட்டு வந்து, குளிச்சு, சாமி கும்பிட்டு, அஞ்சே முக்காலுக்குப் போயி எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. ரெண்டு கை இருக்கும். அவ்வளவுதான். அது ஒரு மிச்சமா? நம்ம ஊட்டுல கொழந்தைங்க வைக்கறதில்லையா?

அவ தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னா. இடது காலை மட்டும் கொஞ்சம் முன்னால நீட்டி வச்சுக்கிட்டு, நுனிக்குளம்பை ஊனி நின்னா. என்னைப் பார்த்தா. எப்பவும் என்னைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்குவா, அன்னைக்குத் திருப்பலை. எனக்கு என்ன தோணுச்சுன்னு சொல்லட்டுமா? உனக்கு இன்னைக்குத்தான் காலு வலிக்கோணுமாடின்னு தோணுச்சு. எங்க அண்ணன் ஊட்டு விசேஷத்துக்குக் கெளம்பற அன்னைக்குப் பார்த்துத்தான் உனக்கு நோவு வரோணுமா? நீ வேணும்னே பண்றே. அவரு என்கூட வரப் போறாருன்னு உனக்குத் தெரிஞ்சு போச்சு. நெசமாத்தாங்க்கா, அவளுக்குத் தெரியும். அவளுக்கு எல்லாம் தெரியும்.

தொட்டியில இருந்ததை எல்லாம் வழிச்சுக் கூடையில போட்டுக்கிட்டுப் போயி எங்க ஆட்டுக்கு வச்சேன். ஆடு பாதிதான் தின்னுச்சு. ஒரு கூடை முழுக்க அதால திங்க முடியுமா?

ஆமாங்க, கூடைதான். ரெண்டு கைன்னா சொன்னேன்? கொஞ்சம் கூடவே இருந்துச்சு.

ஆறு மணிக்கு இவரு வந்தாரு. கை ரெண்டும் கொப்புளம். மூணு மணி நேரம் கடப்பாரை புடிச்ச கை. வாசல்ல இருந்தே, "தீனி எடுத்தாளா?"ன்னாரு. "எடுத்துட்டா"ன்னேன். தொட்டியைப் பார்த்தாரு. காலி. உள்ள போயி அவ காலைத் தடவிப் பார்த்தாரு. தடவறாரு, தடவறாரு, எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. வேற கையை மாத்தித் தடவறாரு. "சூடு இருக்கற மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது. என் கையே திகுதிகுன்னு எரியுது, ஒண்ணும் புடிபடலை"ன்னாரு. அப்பறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்தா, நல்லாப் பார்த்தியா? முழுசாவா தின்னா?"ன்னாரு.

"தின்னுட்டாங்கறேனே. எத்தனை வாட்டி சொல்றது?"

அதுக்கப்பறம் அவரு மூஞ்சி தெளிஞ்சுருச்சு. "அப்பச் சரி. வலி இருந்தாத் தின்ன மாட்டா. என் கைதான் கோளாறு"ன்னுட்டு எந்திரிச்சாரு.

டாக்டரு மூணு கேள்வி கேட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். தீனி எடுத்துச்சான்னாரு. "முழுசா எடுத்துச்சுங்க. எம் பொஞ்சாதி கண்ணால பார்த்தா"ன்னாரு. டாக்டரு அவளை நாலு தப்படி நடக்க வச்சுப் பார்த்தாரு. அவளும் நேராத்தான் நடந்தா, அழுத்தக்காரி. டாக்டரு எழுதிக்கிட்டாரு.

பத்து மணிக்குப் பந்தயம். நான் பட்டுச் சேலை கட்டிக்கிட்டு மேட்டுல நின்னேன். பை என் காலடியில. ஒம்போது குதிரை. சின்ன முதலாளி அவ மேல உக்காந்திருந்தாரு. உள்ளதைச் சொல்லோணும்க்கா, அழகாத்தான் இருந்தா. மொத வேலியைத் தாண்டறப்ப மேட்டுல இருந்த ஜனமெல்லாம் ஒரே மூச்சா 'ஆ'ன்னுச்சு. நான் அவளைப் பார்க்கலை, இவரைப் பார்த்தேன். கயித்தைக் கையில சுத்திக்கிட்டு நின்னாரு. அவ ஒவ்வொரு வாட்டி எழும்பறப்பவும் இவரு குதிகாலு தரையை விட்டு எழும்புச்சு. அந்த மாதிரி ஒரு மூஞ்சியை நான் கல்யாணத்தன்னைக்குக்கூடப் பார்த்ததில்ல. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. மறைக்கறதுக்கு என்ன இருக்குது, எரிஞ்சுச்சு. அப்ப மனசுல ஒண்ணு நெனைச்சேன். அதை நான் சொல்ல மாட்டேன்.

ஏழாவது கல்லுக் கட்டு. நல்லா எழும்பிட்டா. கல்லுல படவே இல்ல. எறங்கினது இவரு கொத்தி வச்ச மெத்துன்னு மண்ணுலதான். அப்பவும் அந்தக் காலு நிக்கலை. சத்தம் மேட்டு வரைக்கும் கேட்டுச்சு. காஞ்ச வெறகை ஒடிக்கற மாதிரி.

சின்ன முதலாளி உருண்டு எந்திரிச்சுட்டாரு, அவருக்குச் செராய்ப்புதான். அவளும் எந்திரிச்சுட்டா. மூணு காலுல நின்னா. அந்த நாலாவது காலு தொங்குது. அதோட மத்த குதிரைங்க போறதைப் பார்த்து, அதுங்க பின்னாடியே ஓடப் பார்த்தாங்க்கா. ஓடப் பார்த்தா. இவரு ஓடறாரு. வயசு நாப்பத்தாறு, அந்த எறக்கத்துல அப்படி ஓடறாரு. போயி அவ கழுத்தைக் கட்டிக்கிட்டாரு. அப்பத்தான் நின்னா.

நாலு ஆளுங்க பச்சைத் தார்ப்பாயைப் புடிச்சு மறைப்புக் கட்டினாங்க. ஜனங்க பார்க்கக் கூடாதுன்னு. டாக்டரு உள்ள போனாரு. குதிரைக்குக் காலு அப்படி முறிஞ்சா உசுரோட வைக்க முடியாதுங்களாம், நிக்கவும் முடியாது, படுக்கவும் முடியாது, சாகற ஊசிதான். நான் பக்கத்துல போயிட்டேன். உள்ள இவரு பேசற சத்தம் கேட்டுச்சு. "ஒண்ணுமில்ல மெல்லி. ஒண்ணுமில்ல சாமி. நான் இருக்கறேன். நான் எங்கயும் போகலை"ன்னு. திருப்பித் திருப்பி அதையே. நான் எங்கயும் போகலை, நான் எங்கயும் போகலை. தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் பட்டுச் சேலையோட நான் நின்னு கேட்டுக்கிட்டிருக்கறேன். ஆஸ்பத்திரியில எனக்கு அதுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

செத்துப் போன பிராணி மேல கோவப்படறதான்னு பார்க்காதீங்க. அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு.

அவரு வெளிய வந்தப்ப டாக்டரு அவரு தோள்ல கையை வச்சு, "பழைய காயம்தான் குப்புராஜு. காலைல ஏதாவது தெரிஞ்சுதா?"ன்னாரு. இவரு ரெண்டு கையையும் விரிச்சுப் பார்த்துக்கிட்டே, "இந்தக் கை சொல்லியிருக்கோணும் சார். கடப்பாரை புடிச்சு நான்தான் கெடுத்துட்டேன். தீனி தின்னான்னு நம்பி உட்டுட்டேன். தீனி அவ தின்னாளே சார்"ன்னாரு. டாக்டரு என்னைப் பார்த்தாரு. நான் ஆமான்னு தலையாட்டினேன். வேற என்ன பண்றது? அத்தனை பேரு நிக்கறாங்க.

சீருக்கு வந்தாருங்க்கா. நான் கூப்பிடவே இல்ல, அவராவே வந்து பையை எடுத்துக்கிட்டாரு. எங்க அண்ணன் ஊட்டுல எல்லாருக்கும் ஆச்சரியம், வசந்தாமணி புருஷனைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாளேன்னு. ஜோடியா நின்னு தட்டு வச்சோம். போட்டோவுல இருக்குது. என்னைப் பார்த்தா நல்லாச் சிரிச்சுக்கிட்டு இருப்பேன். அவரு கையை எங்க வைக்கறதுன்னு தெரியாம பொறத்தால கட்டிக்கிட்டு நிப்பாரு.

அதுல இருந்து அந்தக் கையை அவரு நம்பறதில்லைங்க்கா. டீத் தம்ளரைக் குடுத்தா, "இது சூடா இருக்குதா?"ன்னு என்னைக் கேக்கறாரு. குளிக்கற தண்ணியில கையை உட்டுட்டு, "சுடுதா பாரு"ன்னு என்னைக் கூப்பிடறாரு. போன மாசம் எனக்குக் காய்ச்சலு. நெத்தியில கையை வச்சுட்டு, "எனக்குத் தெரியலை, பக்கத்து ஊட்டு அக்காவைக் கூட்டியாரட்டுமா?"ன்னாரு. பதினோரு வருஷமா என்னை எதுவும் கேக்காத மனுஷன், இப்ப எதுக்கெடுத்தாலும் என்னைத்தான் கேக்கறாரு. எனக்கு நல்லாத்தான் இருக்குது. நல்லா இருக்கோணுமில்ல?

முதலாளி ஒண்ணும் கோவிச்சுக்கலை. உன் மேல தப்பே இல்ல குப்புராஜுன்னாரு. புதுசா ஒரு குட்டிக் குதிரை வருது, நீ பார்த்துக்கோன்னாரு. இவரு மாட்டேன்னுட்டாரு. அப்பறம் கோயமுத்தூர்ல குதிரை ஓட்டக் கத்துக் குடுக்கற எடத்துல இருந்து ஆளு வந்து கூப்பிட்டாங்க. "இந்தக் கையை நம்பி இன்னொரு உசுரைக் குடுக்காதீங்கய்யா"ன்னு அவங்க காலைத் தொடப் போயிட்டாரு. நான் அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தேன். அன்னைக்குச் சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் தொறந்தேன். அந்த ஆளு அப்பப் பார்த்து, "ஒரு செவலைப் பொட்டை இருக்குதுங்க, யாருக்கும் அடங்க மாட்டேங்குது, உங்க கையிலதான் அடங்கும்"ன்னான். நான் வாயை மூடிக்கிட்டேன்.

எங்க அண்ணன் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி கேட்டுல வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வச்சிருக்குது. அங்கதான் போறோம். வரச் சொன்னேன், வந்துட்டாரு. ஏன்னு ஒரு கேள்வி கேக்கலை.

நான் பண்ணது தப்புன்னு நெனைக்கறீங்களா? உங்க மூஞ்சியே சொல்லுதே. நான் சொல்லியிருந்தா மட்டும் என்ன? இந்த வருஷம் இல்லைன்னா அடுத்த வருஷம் ஓட்டியிருப்பாங்க. அந்தக் கட்டைக் கட்டினது நானா? கொறைக்க மாட்டேன்னது நானா? செத்த குதிரை ரெண்டு. ஒண்ணுக்கு வேணா என்னைச் சொல்லுங்க, இன்னொண்ணுக்கு யாரைச் சொல்லுவீங்க? ஒரு வேளை தீனி மிச்சம் வச்சதுக்கு ஒரு பொம்பளை...

தொடவே இல்லைங்க்கா. ஒரு வாய்கூடத் தொடலை. நான் கொட்டினது கொட்டினபடியே இருந்துச்சு. கேரட்டு மேலாக்க நான் அடுக்கி வச்ச மாதிரியே இருந்துச்சு.

யாருகிட்டயும் சொன்னதில்ல. எங்க அண்ணனுக்குக்கூடத் தெரியாது.

சொன்னா அவரு கை அவருக்குத் திரும்பக் கெடைச்சுரும். எனக்கு அது தெரியாமயா இருக்குது? கை பொய் சொல்லலை, எம் பொஞ்சாதிதான் சொன்னான்னு தெரிஞ்சா, அந்த மனுஷன் அன்னைக்கே நிமிந்து உக்காருவாரு. என்னை அடிக்க மாட்டாரு. ஒரு வார்த்தை திட்ட மாட்டாரு. ஒரே ஒரு பார்வை பார்ப்பாரு, அப்பறம் சாகற வரைக்கும் என்னைப் பார்க்கவே மாட்டாரு. கோயமுத்தூர்ல அந்தச் செவலை நிக்குது. அங்க போயிருவாரு. கையைக் கக்கத்துல வச்சுச் சூடு பண்ணிக்கிட்டு அவகிட்டப் போவாரு.

அன்னூரு வந்துருச்சு போல இருக்குது. பையைப் பார்த்து எடுத்துக்குங்க, கம்பியில மாட்டப் போகுது. எறங்கறப்ப அவரைத் தாண்டித்தான் போகோணும். நீங்க ஒண்ணும் சொல்லிட மாட்டீங்கல்ல? தெரியும். நல்ல மூஞ்சி உங்களுது.

நீங்க எந்திரிச்சதும் அவரை இங்க கூப்பிட்டுக்குவேன். இப்பெல்லாம் கூப்பிட்ட ஒடனே வர்றாரு. சன்னலோரமா உக்கார வச்சுட்டு நான் இந்தப் பக்கம் உக்காந்துக்குவேன். கொஞ்ச நேரம் போனா கண்ணுல இருந்து தண்ணி எறங்கும், தொடைக்கக்கூட மாட்டாரு. யாருக்காக அழறாருன்னு எனக்குத் தெரியாதா? எனக்காக ஒரு நாளு அழுதவரில்ல. அழட்டுங்க்கா. யாருக்காக வேணா அழட்டும், என் பக்கத்துல உக்காந்து அழட்டும்.